மச்சான் மிதிக்கும் கால்

என் அப்பாவின் இடது கால் என் மாமாவின் கல்லறைக்குள் இருக்கிறது. அதை மாமா மிதிக்கிறார். எங்கள் வீட்டுப் பிரச்சினை இவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பவள். பேய் பிசாசை நம்பாதவள். பட்டிமன்றத்தில் நடுவரையே எதிர்த்துப் பேசி மேடையை விட்டு இறக்கப்பட்டவள். ஆனால் எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பாதையில் இருக்கிறது. அங்கே மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு மனிதர் "ஐயோ, மிதிக்கறான், மிதிக்கறான்" என்று கத்தினால், எந்தப் பகுத்தறிவும் சால்வையை ஒரு சுற்று இறுக்கித்தான் போர்த்திக்கொள்ளும்.

அப்பாவின் பெயர் ஸ்தனிஸ்லாஸ். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சர்க்கரை உடம்பு. காலில் முள் குத்தியதை அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும் என்று மறைத்தார். புண்ணானது. அதையும் மறைத்தார். திட்டுக்குப் பயந்து காலையே கொடுத்த ஆள் இந்தச் சேர்வராயன் மலையில் அவர் ஒருவர்தான். சேலம் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் கேட்டது, "என்ற காலு எங்கே?" ஞானஸ்நானம் வாங்கிய காலாம். ஜெபம் சொல்லித்தான் மண்ணில் வைக்க வேண்டுமாம். என் அம்மா தேவகுமாரி சேலத்திலிருந்து மலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னாள்: "வெச்சாச்சுங்க. எங்கண்ணன் கல்லறையில."

அந்த அண்ணன்தான் ஆண்டனி ராஜ் மாமா. அதற்கு முந்தின மழைக்காலத்தில் மாரடைப்பில் போனவர். உயிரோடு இருந்தபோது கோயில் பங்குப் பேரவையில் அவருக்கும் அப்பாவுக்கும் அடுத்தடுத்த நாற்காலி. அப்பா பேச வாயைத் திறந்தால் போதும், மாமா மேஜைக்கடியில் பூட்ஸ் காலால் அவருடைய இடது காலை மிதிப்பார். மிதித்துக்கொண்டே, ஒன்றும் அறியாதவர் போல அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். மிதி வாங்கி வாங்கி அப்பாவின் சுண்டுவிரல் நகம் கறுத்தே போயிருந்தது. அந்தக் காலைக் கொண்டுபோய் அந்த ஆளிடமே ஒப்படைத்தால் என்ன ஆகும்?

ஆனது.

போர்வை இடது பக்கம் முட்டியோடு சப்பையாகக் கிடக்கும். அந்தச் சப்பையைக் காட்டித்தான் அப்பா சொல்வார்.

"கண்ணு, போர்வையைச் சித்த தூக்கி உடு. சுண்டுவெரல் நசுங்குது."

"அங்க வெரலே இல்லீங்கப்பா."

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியலையே!"

வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் தகரத்தில் சொட்டும். பூட்ஸ் போட்ட ஒருவர் அவசரமில்லாமல் நடந்து வருவது போல. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். சொட்டு நிற்கும். போர்வை துள்ளும். நானே பார்த்தேன். தொடைத் தசை இழுக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கி முடித்தபோது வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"குமாரி, என்ற காலைத் தோண்டி எடுத்துக் கொட்டச்சேட்டுல எங்கப்பன் கல்லறையில வெச்சிரு. எல்லாம் சரியாப் போயிரும்."

"எங்கண்ணன் கல்லறையில கடப்பாரை பட்டுச்சுன்னா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டனுங்க."

"நொம்ப மிதிக்கறான் புள்ள!"

"உங்க காலு அங்க போயும் வாயடிச்சிருக்கும்."

இந்த நூற்றாண்டில், என் வீட்டில், என் கண் முன்னால் இப்படி ஒரு உரையாடல். எனக்கு ரத்தம் கொதித்தது. கை கால் போனவர்களையும், மூட்டும் நரம்பும் கெட்டு வருஷக்கணக்காக வலியோடு கிடப்பவர்களையும் மறுபடி நடமாட வைக்கிற டாக்டர் ஒருவர் சேலத்தில் இருக்கிறார் என்று விசாரித்து, மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம்.

டாக்டர் சசிகலா அப்பாவின் கதையை முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை. அதிலேயே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் அழுத்தியதும் அப்பா பெஞ்சிலிருந்து எழும்பினார். அறுபட்ட நரம்பின் நுனியாம். வலது முட்டியை மடக்கிப் பார்த்தார். "ரெண்டு காலு வேலையை இது ஒண்டியாப் பாக்குது. முனகத்தான் செய்யும்." இடுப்பை நீட்டச் சொன்னார். நீளவில்லை. "எந்நேரமும் உக்காந்தே இருந்தா இறுகிப் போயிரும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், வலி நெஜமா, கற்பனையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"நெஜம்."

"அப்ப எங்க மாமா?"

"காலு போயிருச்சும்மா. மூளைக்குள்ள காலுக்குன்னு இருக்கற எடம் போகலை. அங்க புதுசா ஒரு சேதியும் வர்றதில்ல. அதனால பழைய சேதியையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்கு. உங்கப்பாவுக்குப் பழைய சேதி மிதி."

நான் வெற்றியோடு அப்பாவைப் பார்த்தேன். டாக்டர் அதைக் கெடுத்தார். அப்பா பக்கம் திரும்பிக் கேட்டார், "வலி கொறைஞ்சா மொதல்ல என்ன செய்யணும்னு ஆசைங்க?"

"மச்சான் கல்லறைக்கு நடந்து போயி என்ற காலை மீட்டுட்டு வரணுமுங்க."

"போற வழி படியா, ஏத்தமா?"

"ஏத்தமுங்க. கடைசியில படி."

"அப்ப அதுக்குத் தகுந்தாப்பல பழகுவோம்."

"டாக்டர்! மூடநம்பிக்கைக்கு நீங்களே வழி காட்டறீங்களா?"

"பேய் ஓட்டறது என் வேலை இல்லைம்மா. ஆளை நடக்க வைக்கறதுதான் என் வேலை. வலி சுத்தமா நின்னாத்தான் எந்திரிப்பேன்னு உக்காந்தா கடைசி வரைக்கும் உக்காந்தே இருக்க வேண்டியதுதான். நடக்க நடக்கத்தான் அது அடங்கும்."

கல்லறை என்றதும் சீற வேண்டிய அம்மா சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நரம்புக்கு மாத்திரை. வெட்டிய இடத்தில் துண்டால் தேய்ப்பு. அளவெடுத்துச் செயற்கைக் கால். நல்லா இருக்கிற நாளில் ஓடக்கூடாது, மோசமான நாளில் படுக்கக்கூடாது. அப்புறம், கண்ணாடி. கால்களுக்கு நடுவே ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் வலது காலை இடது காலாக நினைத்து விரலை அசைக்க வேண்டும்.

கண்ணாடியை அம்மா கொண்டுவந்தாள். அங்கங்கே ரசம் போய்க் கருப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

"இது யாரூட்டுக் கண்ணாடி?"

"அண்ணன் ஊட்டுல சும்மா கெடந்துச்சுங்க."

"அவன் மூஞ்சி பாத்த கண்ணாடியா!"

"அதுல உங்க மூஞ்சியைப் பாக்கச் சொல்லலீங்க. காலைப் பாருங்க."

அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வெட்டி எடுத்த இடது கால், கட்டிலில் இருந்தது. முழுசாக. ஐந்து விரலோடு. கருப்புப் புள்ளிகளுக்கும் மேகத்துக்கும் நடுவே அது மெதுவாக விரலை மடக்கியது, விரித்தது. தகரத்தில் சொட்டு மட்டும் நடந்துகொண்டிருந்தது. அம்மா வலது சுண்டுவிரலில் எண்ணெயைத் தொட்டுத் தடவினாள். கண்ணாடிக்குள் இன்னொரு கை இடது சுண்டுவிரலைத் தடவியது.

"எடுத்துட்டான்," என்றார் அப்பா மெல்ல. "பூட்ஸை எடுத்துட்டான்."

கொஞ்ச நேரம்தான். மாமா மறுபடி வைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அப்பா யாரும் சொல்லாமலே கண்ணாடி முன் உட்கார ஆரம்பித்தார். செயற்கைக் கால் பூட்ஸோடு வந்தது. கட்டில் வரைக்கும், வாசல் வரைக்கும், பிறகு பாதை வரைக்கும் நடந்தார்.

அம்மா தினமும் ஒரே பாட்டு. "எங்க வேணா நடங்க. கல்லறைப் பக்கம் மட்டும் போகாதீங்க."

அவள் அதைச் சொல்லச் சொல்ல அப்பாவின் நடை நீண்டது. "இவ என்ன என்னைத் தடுக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே காப்பிச் செடிகளுக்கு நடுவே மேகத்துக்குள் போவார். டக், டக் என்று சத்தம் மட்டும் கேட்கும். திரும்பி வரும்போதும் முதலில் சத்தம்தான் வரும். ஆள் பின்னால் வருவார். நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். ஒரு மனிதனின் நடமாட்டச் சுதந்திரத்தைப் பறிக்க நீங்கள் யார் என்று கேட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள்.

"வலி எப்படிங்கப்பா?"

"பாதிக்குப் பாதி கொறைஞ்சிருச்சு கண்ணு. நான் நடந்து வர்றேன்னு தெரிஞ்சுட்டான். பயந்து மெதுவா மிதிக்கறான்."

அப்பாவின் திட்டம் இது. கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் அங்கே ஆள் இருக்காது. குழி வெட்டும் சின்னசாமி கடப்பாரையோடு வருவான். அம்மா டவுனுக்குப் போகும் நேரமாகப் பார்த்துக் காலை எடுத்து, ஜீப்பில் கொட்டச்சேடு. அப்பா என்னையும் கூப்பிட்டார். "நீதான் பேயை நம்ப மாட்டியே. கையைப் புடிச்சுக்க." போனேன்.

அன்று மேகம் இறங்கியதைப் போல நான் பார்த்ததில்லை. ஏற்றம் தெரியவில்லை. படி தெரியவில்லை. அப்பாவின் இடது கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கைக்கு அப்பால் அப்பாவே பாதிதான் தெரிந்தார். டக், டக். படி ஏறினார். நின்றார். மூச்சு வாங்கினார். ஏறினார். முந்தின நாளின் செண்டுமல்லியும் உருகிய மெழுகுவர்த்தியும் காலடியில் வழுக்கின. மாமாவின் சிலுவை வந்தது.

சிலுவைக்குக் கீழே, கல்லறை மேல், வெள்ளையாக ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

அப்பாவின் நகம் என் கையில் பதிந்தது. "ஆண்டனி... எந்திரிச்சே உக்காந்துட்டான் கண்ணு."

என் சமூகவியல் அந்த நிமிஷமே பஸ் ஏறிச் சேலம் போய்விட்டது. உருவம் அசைந்தது. அதன் மடியில் நீளமாக ஏதோ இருந்தது.

"காப்பி குடிக்கறீங்களா?" என்றது.

அம்மா! தலையோடு வெள்ளைச் சால்வை. பக்கத்தில் பிளாஸ்க். மடியில் சின்னசாமியின் கடப்பாரை.

"சின்னசாமி வர மாட்டானுங்க. நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டான். இந்தாங்க, தோண்டறதுன்னா நீங்களே தோண்டுங்க. ஆனா உள்ள உங்க காலு இல்லீங்க."

"என்னது?"

"ஆஸ்பத்திரியில காலைக் குடுக்க மாட்டாங்களாம். எரிக்கறதுதான் சட்டமாம். நீங்க கட்டில்ல கெடந்து கால் எங்கே, கால் எங்கேன்னு கத்துனீங்க. என்ன பண்றது? புதைச்சாச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கு உங்கண்ணன் கல்லறைதான் கெடைச்சுதா?"

"கொட்டச்சேடுன்னு சொல்லியிருந்தா உங்க தம்பிக்குப் போனைப் போட்டுக் கேட்டிருப்பீங்க. எங்கண்ணன் கல்லறைன்னா செத்தாலும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா மிதிக்கறான், மிதிக்கறான்னு ஆரம்பிச்சுட்டீங்க. சேலத்து டாக்டரம்மாகிட்டப் போறதுக்கு மொத நாளே போன்ல உண்மையைச் சொல்லிட்டேன். போக வேண்டாம்னு சொன்னா எங்கூட்டுக்காரர் கட்டாயம் போவாருங்கன்னு சொன்னேன்."

அப்பா கடப்பாரையை ஊன்றி நின்றார்.

"அப்ப இத்தன நாளா அவன் மிதிச்சது?"

"வெறும் மண்ணைங்க." அம்மா பிளாஸ்க்கை மூடினாள். "ஏத்தமும் ஏறிட்டீங்க, படியும் ஏறிட்டீங்க. நாளையிலிருந்து பாலுக்கு நீங்களே போயிட்டு வந்திருங்க."

இதைவிட நல்ல சமயம் ஒரு பேச்சாளிக்கு வாய்க்காது. பேய் இல்லை என்று முதலிலேயே சொன்னது யார்? இந்த மலையில் அறிவுக்காகப் போராடியது யார்? மூளை, நரம்பு, பழைய சேதி, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தேன்.

"நான் அப்பவே என்ன சொன்—"

மேகத்துக்கடியில், பூட்ஸ் போட்ட கால் ஒன்று என் சுண்டுவிரலை அழுத்தி மிதித்தது.

அம்மா கல்லறைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். உயிர் போகும் வலியோடு குனிந்து, மேகத்தைக் கையால் விலக்கிப் பார்த்தேன். அப்பாவின் புதுக் கால். நிமிர்ந்தேன். அப்பா ஒன்றும் அறியாதவர் போல, கூரையே இல்லாத அந்த இடத்தில், அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.