தகரம் வெட்டப் போன தப்பால்காரன்

ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வீட்டு முன்வாசலில் ஒரு தகரச் சாய்ப்பு நின்றாக வேண்டும் என்று வியாழக்கிழமை காலை முடிவெடுத்தேன். ஆள் பிடிக்கக்கூடாது. என் கையாலேயே வெட்டி, என் கையாலேயே ஆணி அடிக்க வேண்டும். காரணம் மழை என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற என் மச்சான் சாள்ஸ்.

சாள்ஸ் என் மனைவி தெரேசம்மாவின் அண்ணன். ரம்புக்கனையில் இரும்பு வேலை செய்கிறவர். போன ஈஸ்டருக்கு வந்தபோது, நான் பப்பாளிப்பழம் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மச்சான், அதத் தங்கச்சிகிட்ட குடுங்க. பழம் பாவம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தெரேசம்மாவும் சிரித்தாள். சாள்ஸ் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன். அவள் சிரித்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

நான் றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தப்பால்காரன். காலையில் டவுனுக்கு இறங்கி, தோட்டத்துக் கடிதங்களை வாங்கிப் பையில் போட்டு, மத்தியானத்துக்குள் மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதன் பிறகு நான் வெட்டி என்பது தெரேசம்மாவின் கருத்து. வெட்டியே காட்டுகிறேன் என்பது என் தீர்மானம்.

டவுனில் ஜமால்தீன் நானாவின் இரும்புக்கடையில் ஒரு சாமான் இருந்தது. தகரம் வெட்டுகிற கரண்ட் கத்திரி. கையில் பிடித்துச் சுவிட்சை அமுக்கினால், கிளி கொத்துகிற மாதிரி சின்னச் சின்னதாகக் கடித்துக்கொண்டே தகரத்துக்குள் போகும். இரவல் கேட்டேன். நானா யோசித்தார்.

"செல்வநாயகம், இது பாவிச்சுப் பழக்கமா?"

"பழக்கம்தான்."

"எங்க பழகினீங்க?"

"பார்த்திருக்கேன் நானா."

நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் ரப்பர் செருப்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார். மெஷினோடு ஒரு கண்ணாடியும் ஒரு சோடி தோல் கையுறையும் பையில் போட்டு, ஏதோ சொல்லத் தொடங்கினார். நான், "தெரியும், தெரியும்" என்று கையைக் காட்டினேன். தெரியும் என்று சொல்கிறவனிடம் அந்த மனுஷன் மேற்கொண்டு பேசுவதில்லை. ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். கவரில் போட்டார். எச்சில் தொட்டு ஒட்டினார். மேலே 'திருமதி தெரேசம்மா' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"வீட்டுல குடுங்க."

"எங்க வீட்டுலயா?"

"தப்பால்காரர்தானே நீங்க?"

இருபது வருஷமாக ஊரார் கடிதங்களைச் சுமக்கிறேன். என் மனைவிக்கு இன்னொரு ஆண் எழுதிய கடிதத்தைச் சுமப்பது அன்றுதான் முதல் தடவை. இத்தனைக்கும் நானாவுக்கு வயது அறுபத்தெட்டு. பேரப்பிள்ளைகள் ஒன்பது. இருந்தாலும் கவரை ஏன் ஒட்ட வேண்டும்? மலைப்பாதையில் நாலு இடத்தில் நின்று அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். கவர் தடிப்பு. பிரித்துவிடலாம். ஆனால் இதுவரை ஒரு கடிதத்தையும் நான் பிரித்ததில்லை. சொந்த மனைவியின் கடிதத்தில் போயா அந்த நேர்மையைக் கெடுப்பது?

தெரேசம்மா எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால், முப்பத்திரண்டு பிள்ளைகளை அவள்தான் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையையும் அவள் அதட்டி நான் கேட்டதில்லை. கவரை வாங்கி, கிழித்து, நின்றபடியே வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

"என்ன எழுதியிருக்காரு?"

"சுகம் விசாரிச்சிருக்காரு."

"ஒன்னரைப் பக்கத்துக்கா?"

"எல்லாரோட சுகத்தையும் விசாரிச்சிருக்காரு."

அன்று முழுவதும் நான் அவளைக் கவனித்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை தப்பாலை முடித்துவிட்டு வந்தேன். மழை இல்லை, வாசல் காய்ந்திருந்தது. குசினியிலிருக்கிற பிளக்கில் நீள வயரைச் செருகி, ஜன்னல் வழியாக வெளியே எடுத்தேன். நெளிவில்லாத புதுத் தகரத்தை வாசலில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, சுவிட்சை அமுக்கினேன்.

மெஷின் பேசவில்லை.

உள்ளே பல்ப் எரிகிறது. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். பிளக் செருகியபடி இருந்தது. அதன் சுவிட்சும் போட்டபடிதான் இருந்தது. தெரேசம்மா அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் இருக்குதுதானே?" என்று கேட்டேன்.

"பல்ப் எரியுதே."

"மெஷின் ஓடல்லியே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாரத்தோடயா நிக்கிறீங்க? நுனி மெஷினுக்குள்ள சிக்குனா?"

"சாரத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும், நான் ஆயாம்மா. மெஷின் சுவிட்ச அமத்தி, ஓஃப்ல வச்சிட்டீங்கதானே?"

"அமத்திட்டேன்."

எதற்கும் இருக்கட்டும் என்று காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அமுக்கினேன். மெஷின் ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தகரத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். நின்றுவிட்டது.

ஜன்னலில் தெரேசம்மாவின் தலை தெரிந்தது. "கோயிலுக்குப் போடுற சப்பாத்து சும்மாதானே கெடக்குது. தகரத் துண்டு வெரல்ல விழுந்தா, செருப்பு என்னத்தத் தாங்கும்? சுவிட்ச அமத்திட்டீங்களா?"

சப்பாத்தைப் போட்டேன். ஓடியது. குனிந்தேன். நின்றது.

"பையில ஒரு கண்ணாடி இருந்திச்சே," என்றாள் ஜன்னலிலிருந்து.

நான் வேதக்காரன். செய்வினை, சூனியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கண்ணாடியைப் போட்டதும் மெஷின் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். கையுறை இல்லாமல் தகரத்தின் ஓரத்தைப் பிடித்தேன், நின்றது. கையுறையை மாட்டினேன், ஓடியது. இப்படி ஒரு மெஷினை யார் செய்திருப்பார்கள்?

முதலில் ஜமால்தீன் நானாவைச் சந்தேகப்பட்டேன். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார். பிறகு பக்கத்து வீட்டுக் காத்தமுத்துவைச் சந்தேகப்பட்டேன். அவன் தன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு ஃபெக்டரியில் வேலை செய்தவன். இடது கையில் ஆள்காட்டி விரலில் ஒரு துண்டு இல்லை. லயத்தில் அவனுக்கு 'ஒன்பதரை' என்று பெயர். மூன்றாவதாகத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மெஷின் நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் ஒரு தலை தெரிகிறது. வயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறது.

காத்தமுத்துவைக் கூப்பிட்டு, காதோடு சொன்னேன். "குசினிக்குள்ள போய் நில்லு. தெரேசா அக்கா பிளக்கத் தொடுதான்னு பாரு. நான் வேணும்னே கையுறையக் கழட்டப் போறேன்."

"ஹரி அண்ணே," என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கையுறையைக் கழற்றினேன். மெஷின் நின்றது. ஓடிப்போனேன். தெரேசம்மா அம்மியில். காத்தமுத்து பிளக்குக்குப் பக்கத்தில், வாயில் வடையோடு நின்றான்.

"தொட்டாளா?"

"மாதா மேல சத்தியமா அக்கா அம்மிய விட்டு அசையல்ல அண்ணே."

அந்தச் சத்தியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரேசம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "ஒருவேள தரையில போட்டு வெட்டுறது அதுக்குப் புடிக்கல்லியோ என்னமோ. பலகை மேசையில வச்சு, ரெண்டு பக்கமும் இறுக்கிட்டா ஆடாது. காத்தமுத்துகிட்ட கிளாம்பு இருக்குது."

"மெஷினுக்கு என்ன புடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்திரண்டு பிள்ளைகளப் பார்க்கிறேன். அதுகளும் வாயத் தொறந்து சொல்றதில்ல." கையில் அளக்கிற இஞ்சி டேப்பும் சோக்கட்டியும் வைத்திருந்தாள். "கோடு போடாம வெட்டுனா கோணிக்கிட்டுப் போகும். நான் கோடு போட்டுத் தர்றேன். நீங்க கோட்ட மட்டும் பாருங்க, வேற எதையும் பார்க்காதீங்க."

அவள் குனிந்து அளந்து கோடு போட்டாள். காத்தமுத்து கிளாம்பை முறுக்கினான். வயரை என் தோளுக்குப் பின்னால் எடுத்துவிட்டான். காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி, கையுறை. தகரம் வெட்டப் போகிறவனா, சந்திரனுக்குப் போகிறவனா என்று கேட்கிற கோலம். அமுக்கினேன்.

ஓடியது. நிற்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் நான் வேறு ஆளாக இருந்தேன். தகரம் துணி மாதிரி விலகியது. கோடு எங்கே போனதோ, கத்திரி அங்கே போனது. மூன்று தகரம். ஒரு பிசிறு இல்லை. அறுந்து விழுந்த துண்டை வெறுங்கையால் எடுக்கக் கையுறையைக் கழற்றப் போனேன். காத்தமுத்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் அண்ணே. நானும் இப்பிடித்தான். வெட்டி முடிஞ்ச சந்தோஷம். விழுந்த துண்டு நழுவப் போச்சுன்னு புடிச்சேன். நோகக்கூட இல்ல. குனிஞ்சு பார்த்தா வெரல் தகரத்து மேல கெடக்குது."

எட்டு வருஷம் ஒரே லயத்தில் இருக்கிறோம். அவனை ஒன்பதரை என்று முதலில் கூப்பிட்டது நான்தான். அது எப்படிப் போனது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கையுறையோடேயே துண்டுகளைப் பொறுக்கினேன். அரத்தை எடுத்து ஓரங்களைத் தேய்த்தேன்.

வேலை முடிந்ததும் குசினிக்குப் போய், "அந்தக் கடிதத்தக் காட்டு" என்றேன். மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வேதப்புத்தகத்திலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள்.

'அன்புள்ள தங்கச்சிக்கு. உங்கள் வீட்டுக்காரர் மெஷின் கொண்டுவருகிறார். சாரம் கூடாது. செருப்பு கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தகரத்தைக் காலால் மிதித்து வெட்ட விடவேண்டாம், மேசையில் இறுக்கவும். ஈரத்தில் பாவிக்கக்கூடாது. கத்தியைத் தொடுவதென்றால் முதலில் பிளக்கைக் கழற்றவும். இதில் ஒன்று குறைந்தாலும் பிளக் சுவிட்சை அமர்த்திவிடுங்கள். திரும்பப் போடுமுன் மெஷின் சுவிட்ச் அமர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் தெரியும் என்பார்.'

என்னைக் கட்டிப்போடுகிற கயிற்றை மூன்று மைல் நானே சுமந்து வந்து, கையெழுத்து வாங்காமல் ஒப்படைத்திருக்கிறேன்.

"காத்தமுத்து பிளக்கத் தொட்டானா?"

"அவன் தொட்டானான்னு நீங்க கேக்கவே இல்லியே," என்றாள்.

கோபப்படலாம் என்று பார்த்தேன். பத்து விரலையும் ஒரு தரம் எண்ணினேன். கோபம் வரவில்லை. சரி, சாய்ப்பாவது என்னுடையது என்று தகரங்களைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். கம்புகளை ஏற்கெனவே நட்டு வைத்திருந்தேன். தகரத்தை மேலே வைத்தேன்.

ஒன்றரை அடி குறைந்தது.

அடுத்ததை வைத்தேன். அதுவும் ஒன்றரை அடி. மூன்றும் ஒரே அளவாகக் குறைந்தன. அந்த விஷயத்தில் என் வெட்டில் குறை சொல்ல முடியாது.

"தெரேசா, எந்த எடத்த அளந்து கோடு போட்ட?"

"பின்பக்கம், வெறகு அடுக்குற எடம். மழைக்கு வெறகு நனைஞ்சு நனைஞ்சு, காலையில அடுப்பு ஊதியே என் நெஞ்சு போச்சு. ஆறு மாசமா சொல்றேன்."

"நான் சொன்னது முன்பக்கம்."

"நீங்க சொன்னது என் காதுல விழுந்திச்சு. நான் சொன்னது உங்க காதுல விழல்ல."

பின்பக்கம் கொண்டுபோய், விறகைச் சுற்றி ஏற்கெனவே நின்ற கம்புகள் மேல் வைத்தோம். பெட்டிக்கு மூடி போட்டது மாதிரி உட்கார்ந்தது. நான் ஏணியில் நின்று ஆணி அடித்தேன். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். காத்தமுத்து இன்னொரு வடை சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாள்ஸ் வந்தார். வந்த கையோடு மழையும் வந்தது. முன்வாசலில் உட்கார முடியவில்லை. கதிரைகளைப் பின்னால், புதுத் தகரத்துக்குக் கீழே போட்டோம். தலைக்கு மேலே மழை கொட்டியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாள்ஸ் அண்ணாந்து பார்த்தார். எழுந்து நின்று தகர ஓரத்தில் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். கீறல் இல்லை.

"தங்கச்சி, நல்ல வெட்டு. எந்தத் தகர பாஸ் வந்து செஞ்சாரு?"

"இவருதாண்ணே."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக சாள்ஸ் என்னை ஒரு மனுஷனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"மச்சான், பின்பக்கம் போட்டீங்களே, அதுதான் கெட்டித்தனம். முன்னுக்குப் போட்டிருந்தா, பள்ளத்துக் காத்து ஒரே நாள்ல தூக்கிட்டுப் போயிருக்கும். தகரம் பறந்து யாரோட கழுத்துல விழுந்திருக்குமோ. இது எப்பிடி உங்களுக்குத் தோணுச்சு?"

தெரேசம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலையும் யோசிச்சுத்தான் மச்சான் செஞ்சேன்" என்றேன்.

அண்ணன் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று, காலையில் பூசைக்குப் போகிற வழியிலேயே அவள் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள்.