பொங்கல் அண்ணனும் அரை லிட்டர் பாலும்

பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடிக்க இரண்டே வழிதான். ஒன்று, கை நிறையச் சம்பளம். அது இல்லாதவர்களுக்குப் பொங்கல் அண்ணன். கடவுளே இந்தப் பக்கம் குடிவர நினைத்தாலும் அவரைத்தான் பார்த்தாக வேண்டும்.

வீட்டு புரோக்கர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கரையான்சாவடி டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். தோள்பையில் ஒரு குட்டி கேஸ் அடுப்பு, ஒரு சொம்பு, அரை லிட்டர் பால் பாக்கெட். வீடு காட்டுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்கு மண்டை குடைந்தது. கேட்டேவிட்டேன்.

"அது தொயில் ரகசியம் தங்கச்சி. மொதல்ல ஊட்டப் பாரு."

நாங்கள் குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் நானும் மகளும் வெளியேற வேண்டும். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் பில் போடுகிற சம்பளத்துக்குள் வீடு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் அந்தக் கேள்வி வரும்: "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"பிரிஞ்சுட்டோம்ங்க."

உடனே ஓனருக்கு அத்தை பையன் ஞாபகம் வந்துவிடும். வீடு அவனுக்காம். அந்த வட்டாரத்து அத்தை பையன்கள் மொத்தப் பேரும் அதே மாதம்தான் சென்னைக்குக் குடிவர இருந்தார்கள்.

ஒருநாள் போகிற வழியில் ஐடி பையன்கள் இரண்டு பேருக்கு வீடு காட்டினார் அண்ணன். ஓனர் "பேச்சிலரா?" என்று இழுத்துக்கொண்டிருக்க, அண்ணனைக் காணோம். திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கூவல்.

"பால் பொங்கிச்சு நைனா! கெயக்க பாத்து பொங்கிக்கீது!"

ஓனர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். புதுவீட்டில் பால் காய்ச்சியது காய்ச்சியதுதான். பொங்கியும் விட்ட பிறகு, குடிவர வந்தவர்களை வெளியே போ என்று சொல்ல எந்த ஓனருக்குத் துணிச்சல் வரும்? பையன்கள் அன்றைக்கே பெட்டியோடு வந்துவிட்டார்கள். பொங்கல் அண்ணன் என்ற பெயருக்கும் எனக்கு அர்த்தம் புரிந்தது.

கடைசியாக எனக்கு ஒரு வீடு. ஒரே மாதிரி இரண்டு போர்ஷன், பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு கதவு. ஒன்றில் ஓனரம்மா தனியாக இருந்தார், மற்றது காலி. பரம்பரையாக அங்கேயே நெல் விளைவித்த குடும்பம். வாசலிலேயே என்னை நிறுத்தி விசாரித்தார். பதிலைக் கேட்டதும், "எங்க அத்தை பையன்..." என்று ஆரம்பித்தார்.

"பால் பொங்கிச்சு!"

ஓனரம்மா நெற்றியைச் சுருக்கினார். "சத்தம் என் ஊட்லருந்துல்ல வருது?"

ஓடினோம். ஓனரம்மாவின் அடுப்பில் பால் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் மிளகாய்த்தூள் டப்பா, அரிசி டின், சாமி படம்.

"இன்னாய்யா இது? என் ஊட்லயே எனக்கு பால் காச்சி குடி வெக்கிறியா?"

அண்ணன் முழித்தார். "அடுப்பு ரெடியா கீதேன்னு பத்த வெச்சேன். சாமானெல்லாம் பயைய குடித்தனக்காரன் உட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேம்மா."

இந்த வீடும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனோ அசரவில்லை.

"ஒண்ணும் கெட்டுப் போவலம்மா. தங்கச்சி இங்க இருக்கட்டும். நீங்க பக்கத்து போர்ஷனுக்கு வந்துடுங்க. வாடகய பேசி கொறச்சித் தரேன்."

ஓனரம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது குரல் மாறியிருந்தது.

"அவர் போனப்பறம் இந்த அடுப்புல பால் பொங்கினதே இல்ல. எனக்குன்னு கால் டம்ளர் சூடு பண்றதோட சரி."

மூன்று டம்ளரை எடுத்தார். மற்ற போர்ஷன் சாவியை என் கையில் வைத்தார்.

"அத்தை பையன்னு ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றேன்.

"எனக்கு அத்தையே கெடயாது. நீ பாலக் குடி."

இன்னமும் அங்கேதான் இருக்கிறோம். அண்ணன் குத்தம்பாக்கம் பக்கம் போய்விட்டார். புது பஸ் நிலையத்தைச் சுற்றி வீடு தேடுகிறவர்கள் அதிகம் என்று கேள்வி. எங்கே இருந்தாலும் மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணன் எங்கேயோ யாரையோ குடிவைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு துடைக்கிறேன்.