எந்த ஆட்சியிலும் நியமிக்கப்படாத ஏழு பேர்

ஆட்சி மாறிய மூன்றாம் நாள், ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்த தொழிலாளர் உதவி மையத்தில் சுவர்ப் படம் மாறியது. பழைய படத்தைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் ஏற்றினார் அலுவலக உதவியாளர் நடேசன். புதிய படத்தையும் அங்கிருந்துதான் இறக்கினார். அதில் ஐந்து வருடத் தூசு இருந்தது.

நான்காம் நாள் மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "ஆட்சி மாற்றத்தால் பணியாளர் எவருடைய வேலைக்கும் பாதிப்பு நேரக் கூடாது என்பதில் அரசு உறுதியாக உள்ளது. எனவே முந்தைய ஆட்சிகளில் நியமிக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியலைப் பாதுகாப்பு நடவடிக்கைக்காக உடனே அனுப்பவும்."

மையத்தில் நிரந்தரப் பணியாளர்கள் ஏழு பேர். அன்று ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை.

"போன தடவை பாராட்டுறதுக்குன்னு லிஸ்ட் கேட்டாங்க," என்றார் கண்காணிப்பாளர் காசிராஜன். "பாராட்டினாங்க. திருவாடானைக்குத் தூக்கிப் போட்டு."

ஆகவே, முந்தைய எந்த ஆட்சியிலும் தாங்கள் நியமிக்கப்படவில்லை என்று ஏழு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். பட்டியலில் ஏறியது ஒரே பெயர். பென்னலூர் சசிகலா. முந்தைய அரசின் திட்டமொன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஜன்னலில் மனு வாங்குபவர். வாங்கிய மனுவை அன்றே கண்காணிப்பாளர் மேசைக்குக் கொண்டுபோய், கையெழுத்து விழும்வரை பக்கத்தில் நிற்கும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

"பேரைக் குடுத்துட்டியாமே, இன்னாம்மா இது?" என்றார் நடேசன்.

"பாதுகாப்புன்னுதானே சார் போட்டுருக்காங்க."

"அதான் பயமா கீது."

இருபதாம் நாள் பதில் வந்தது.

"தங்கள் அலுவலகத்தில் ஏழு நபர்கள் முந்தைய ஆட்சிகளில் நியமிக்கப்படவில்லை எனத் தெரியவருகிறது. இந்த ஆட்சி இதுவரை எவரையும் நியமிக்கவில்லை. எந்த ஆட்சியிலும் நியமிக்கப்படாத ஏழு நபர்கள் அரசு நாற்காலிகளில் அமர்ந்திருப்பது ஏன் என ஒரு வாரத்தில் விளக்கவும்.

திருமதி சசிகலாவின் வேலை முழுமையாகப் பாதுகாக்கப்படுகிறது. எனினும் அவர் பணிபுரியும் திட்டம் முடித்துக்கொள்ளப்படுகிறது. திட்டம் முடிந்து விடுவிக்கப்படுவதை ஆட்சி மாற்றத்தால் விடுவிக்கப்பட்டதாகக் கருதலாகாது. விடுவிப்பு ஆணையில் கண்காணிப்பாளர் கையொப்பமிட்டு வழங்கவும்."

பணிப்பதிவேட்டைப் பாருங்கள் என்று காசிராஜன் மாவட்டத்துக்குப் போன் செய்தார். பதிவேட்டை விடப் பட்டியல் பிந்தைய தேதி கொண்டது, அதுவே செல்லும் என்றார்கள். அடுத்து, படப்பையில் ஓய்வில் இருக்கும் தலைமை எழுத்தர் பரசுராமனைக் கூப்பிட்டார்.

"எதுக்குய்யா பயப்படுறே? நியமிச்சவனைத்தான் நீக்க முடியும். உங்களை நீக்கணும்னா முதல்ல நியமிக்கணும். அதுக்கு நிதித் துறை ஒத்துக்காது."

"சம்பளம்?"

"அது கம்ப்யூட்டர் போடுது. அதுக்கு ஆட்சி தெரியாது. ஒண்ணே ஒண்ணு, எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதே. நியமிக்காத ஆளு எந்த அதிகாரத்துல போட்டேன்னு கேப்பான்."

இத்தனை தெளிவான அறிவுரை அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்ததில்லை. அன்று முதல் காசிராஜன் பேனாவையே வீட்டில் வைத்துவிட்டு வந்தார். சசிகலாவின் விடுவிப்பு ஆணை தட்டச்சாகி, அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தவற்றில் முதல் தாளாகக் கிடந்தது.

ஆணை கைக்கு வரவில்லை. அதனால் சசிகலாவும் தினமும் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து பிரவீன் ஜன்னலில் நின்றான். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மாறியதும் வேலை போன நாற்பது பேரில் ஒருவன். குறித்த நாளுக்குள் மையத்தின் சான்றைக் கொண்டுவந்தால் மறைமலை நகர்க் கம்பெனி ஒன்றில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, நாளு முடியப் போவுது. ஒரு கையெழுத்துதானே?"

"ஆட்சி மாறினா வேலை போகாதுன்னு எங்களுக்குப் போட்டாங்களே, உங்களுக்கெல்லாம் அந்தப் பாதுகாப்பு கிடையாதாப்பா?"

"எங்களுக்கு சூப்பர்வைசர் மாறினாலே ஆளை மாத்திருவாங்க. ஆட்சி வரைக்கும் எங்க போறது? நீங்க உள்ளே போயி பக்கத்துல நின்னா அவரு போட்டுருவாரு. போன வருசம் எங்க அண்ணனுக்கு அப்டிதான் வாங்கிக் குடுத்தீங்க."

சசிகலா உள்ளே திரும்பிப் பார்த்தார். காசிராஜன் இன்று மறதியாகப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். அவர் முன்னால் அந்த விடுவிப்பு ஆணை முதல் தாளாக அப்படியே இருந்தது.

சசிகலா மனுவை வாங்கினார். ஜன்னலோரம் இருந்த மனுக் கட்டின் அடியில் செருகினார்.

"அடுத்த வாரம் வாப்பா."

பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்த நடேசன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கிதாம்மா நீ பர்மனென்ட் ஆன," என்றார்.