டபுள் கண்ணாடி மாமாவும் இரண்டு கங்காணிகளும்

சப்ரகமுவ மாகாணத்திலேயே சூரியனோடு நேரடிப் பகை வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் டபுள் கண்ணாடி மாமாதான். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், நான் பிறந்து வளர்ந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறார். ஒரு கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் இன்னொரு கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி, தொப்பிக்கு மேலே குடை. மழை பெய்தால் மட்டும் குடையை மடக்கிவிடுவார். மழை அவர் கட்சி.

விடியற்காலை அரையிருட்டில் ரப்பர் பால் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் டோர்ச்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மரத்தைக் கையால் தடவிப் பார்த்து வெட்டிவிட்டுப் போய்விடுவார். வெயில் ஏறினால் கதை வேறு. கண் கூசி, எதிரே வருவது வேலை வாங்கும் கங்காணியா கறுப்பு மாடா என்று தெரியாது. எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் சலாம் வைப்பார். மாடு ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நிறமும் அவருக்குத் தெரியாது. உலகமே சாம்பல்தான். "கலரு கலருன்னு கத்துறீங்களே, அதென்ன சோத்துல போட்டுத் திங்கிறதா?" என்பார்.

பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியாததால் ரோட்டில் உருளும் எதையும் கை காட்டி நிறுத்துவார். ஒருநாள் ஒரு வண்டியை நிறுத்தி, "மாத்தயா, யட்டியந்தோட்ட யனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா, யட்டியாந்தோட்டைக்குப் போகிறதா என்று கேட்டால் போகிறதுதானே? ஏறிக்கொண்டார். அது பிரேதம் ஏற்றப் போகும் வண்டி. வழியெல்லாம் ஆட்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். மாமாவும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனார். "அன்னைக்குத்தான்டா டவுன்ல நமக்கு எவ்வளவு மரியாதைன்னு தெரிஞ்சுச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இதற்கெல்லாம் காரணம், இவர் வயிற்றில் இருந்தபோது இவருடைய அம்மா கிரகணத்தைப் பார்த்ததுதான் என்று லயமே தீர்ப்புச் சொல்லியிருந்தது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் செல்வா கேட்கவில்லை. அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனான். டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா, எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இது அபூர்வமான ஒரு பரம்பரைக் கண் நோய் என்றார். உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று மாமாவிடம் கேட்டார். மாமா பெருமையாக, "எங்கப்பா மாமன் மகளத்தான் கட்டுனாரு!" என்றார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. செல்வாவுக்கு மாமாவின் தங்கச்சி பாக்கியத்தின் மகள் மேகலா என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தாயிற்று. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உயிர். அடுத்த ஞாயிறு பாக்கியம் அக்கா தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வந்தபோது மாமா, "இந்தக் கலியாணம் இப்ப வேணாம் பாக்கியம்" என்றார்.

"மகன் கொழும்புல நிக்கிறான்னு ஒங்களுக்குப் பவுசு வந்துருச்சாண்ணே?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போன அக்கா, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் பக்கத்து வீடு, அதாவது பக்கத்துக் காம்பராதான். லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். மாமாவுக்கு அதுவே மேடையாயிற்று. ஒரு மாலை ஸ்டூலில் ஏறி நின்று சுவருக்கு மேலாகப் பேசத் தொடங்கினார்.

"பாக்கியம், டொக்டர் சொன்னதக் கேளு! ஒடம்புல ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு கங்காணி. ஒருத்தன் அப்பன் குடுத்தவன், ஒருத்தன் ஆத்தா குடுத்தவன். ஒருத்தன் குடிச்சிட்டுக் கிடந்தாலும் மத்தவன் வேலைய ஓட்டிருவான். ரெண்டு பேருமே குடிகாரன்னா வேலை நின்னுச்சு! என் கண்ணுல கலர் பாக்குற வேலைக்கு ரெண்டுமே குடிகாரப் பயலுக!"

அந்தப் பக்கமிருந்து சட்டி மூடி ஒன்று சுவரில் மோதி விழுந்தது.

"சொந்தத்துலயே கட்டுனா, ஒரே தாத்தன்கிட்ட இருந்த குடிகாரன் ரெண்டு பக்கத்தாலயும் வந்து சேருவான். செல்வாகிட்ட ஒருத்தன் கட்டாயம் இருக்கான். ஒன் வழியா மேகலாகிட்டயும் ஒருத்தன் வந்திருக்கலாம்!"

"யாருய்யா அது, குடிகாரக் கங்காணி?" என்று நாலாவது காம்பராவிலிருந்து நிஜக் கங்காணி சண்டைக்கு வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தப் பாதி லயம் தேவைப்பட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே மேகலா வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"மாமா, அந்த டொக்டர் எங்களக் கட்டிக்க வேணாம்னாங்களா?"

"இல்லம்மா. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அத மொதல்ல சொல்றதுக்கு என்ன!"

மாமா ஸ்டூலை விட்டு இறங்கினார்.

மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். இரத்தப் பரிசோதனையில் மேகலாவிடமும் ஒரு குடிகாரன் இருப்பது தெரிந்தது. இருவருக்கும் பார்வையில் ஒரு குறையும் வராது, ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாமாவின் கண் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, முடிவு உங்களுடையது என்றார் டொக்டர். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மேகலா யோசிக்கவே இல்லை.

"மாமா மாதிரி ஒரு பிள்ள பொறந்தா என்ன கொறஞ்சு போச்சு? கண்ணாடி நானே போட்டு விடுறேன்."

நட்ட நடுப்பகலில் மாமா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றியதை செல்வா பார்த்தது அன்றுதானாம். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீடு திரும்பியபோது வாழைப்பழத் தட்டு சுவருக்கு மேலாக இந்தப் பக்கம் வந்தது.

கலியாணம் முடிந்து, போன வருடம் பேத்தி பிறந்தாள். கோயிலுக்கு முதன்முதல் வெயிலில் தூக்கிவந்த அன்று லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தது. மாமாவுக்குப் போலக் கண் கூசவில்லை, அந்த நோயில் ஆடுவது போல ஆடவும் இல்லை. பாக்கியம் அக்காவின் சிவப்புச் சேலையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். "நல்லா இருக்குண்ணே! கண்ணு நல்லா இருக்கு!" என்று அக்கா அழுதார். மாமாவும் சிரித்தார். ஆனால் சட்டைப் பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு வாங்குனேன்" என்றார் வெட்கத்தோடு.

இப்போது அந்தக் கண்ணாடியை மாட்டாமல் அவள் வாசல் தாண்டுவதில்லை. கழற்றினால் ஊரைக் கூட்டுவாள். ஒரே குடையின் கீழ், கறுப்புக் கண்ணாடியோடு மாமா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிற வழியில் நான் எதிர்ப்பட்டால், ஆளா மாடா என்று தெரியாமலே எனக்கும் ஒரு சலாம் வைப்பார். அந்தச் சலாமை வாங்கத்தான் லீவு கிடைக்கும்போதெல்லாம், நான் வேலை பார்க்கும் கேகாலையில் ஊருக்குப் பஸ் ஏறுகிறேன்.