வேண்டாவுக்குக் காது கேட்காத மாதம்

அரசாங்கத்திடம் உதவித்தொகைக்குக் கை நீட்டுவதில்லை என்று நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். உறுதியான முடிவு. கால்தான் உறுதியாக இல்லை.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஈசிஆர் சாலையில் ஒரு நாள் வேன் கவிழ்ந்தது. வலது காலுக்குள் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு விசாரிக்க வந்த எல்லோரிடமும், "அடுத்த மாசம் வண்டி எடுத்துடுவேன்" என்றேன். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. அதுவரை ஓட்டல் துணிகளைத் துவைத்து எனக்குச் சோறு போட்டவள் என் மனைவி. பெயர் வேண்டா. பெயர்தான் அப்படி. ஒன்று வேண்டும் என்று அவள் நினைத்துவிட்டால் அது நடந்தே தீரும்.

"யோவ், செங்கல்பட்டுல முகாம் வெச்சிகிறாங்களாம். டாக்டர் பாத்து எவ்ளோ கொறைன்னு எழுதிக் குடுத்தா மாசாமாசம் பணம் வருமாம். மனு போடுயா."

"எனக்கு இன்னா கொறை? நல்லாத்தான் கீறேன்."

"வலிக்கலியா?"

"வலியா? எனக்கா?"

மனு போட்டால் என் பெயர் போய்விடும். தெருவில் காசிநாதன் இருக்கமாட்டான், நொண்டி ஒருத்தன்தான் இருப்பான். எனக்கு அது பயமாக இருந்தது. பயத்தை வேண்டாவிடம் சொல்லவில்லை. வலியையும் சொல்லவில்லை. ஆம்பிளை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காது கேட்காமல் போனது.

"வேண்டா, தண்ணி குடு."

அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டா! தண்ணி!"

"கத்திப் பேசுயா. துவைக்கிற மெஷின் சத்தத்துல ரெண்டு காதும் அடைச்சிகிச்சி."

நான் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. அடுப்படியில் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் போய், "உன் மீன் கொழம்ப வாய்ல வைக்க முடியல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கரண்டி பறந்து வரவில்லை. நிஜமாகவே கேட்கவில்லைதான். எனக்கு மனசு கனத்துப் போனது.

கனத்த மனசோடு ஒரு சௌகரியமும் வந்து சேர்ந்தது. இனி முகத்தை மட்டும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டால் போதும். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்போது, "ஐயோ அம்மா" என்று வாய்விட்டு அலறினேன். முகம் மட்டும் சிரித்தது. என்ன சுகம்!

பக்கத்து வீட்டுத் தீனதயாளன் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேண்டா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மச்சான், வண்டி எப்ப எடுக்கப்போற?"

"எடுக்கமாட்டேன்டா. பிரேக்குல கால் வெச்சா, வெச்சது தெரியல. ஓட்டினா எவனையாவது கொன்னுடுவேன்."

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"எப்படிடா சொல்றது? என்னை நம்பிகினு கீது."

வேண்டா தலையைத் தூக்கவில்லை. நெத்திலியின் தலைகளை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கிள்ளினாள்.

மறுநாளே வந்து என் எதிரில் நின்றாள். "அந்த முகாமுக்குப் போலாமாயா? வெக்கமா வேற கீது."

பாவம், காதுக்காகக் கேட்கிறாள்.

"வெக்கம் இன்னாத்துக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "ஒடம்புல ஒரு கொறை வந்தா வந்ததுதான்! இது பிச்சை இல்ல, உரிமை! எவனாவது பேர் வெச்சிக் கூப்பிடட்டும், நான் பாத்துக்கறேன்!"

ரொம்ப நன்றாகப் பேசினேன். எதிர்வீட்டு வசந்தா கோலப்பொடியோடு அப்படியே நின்று கேட்டாள். கூட வருகிறவருடையதும் வேண்டும் என்று வேண்டா என் ஆதார் அட்டையையும் போட்டோவையும் கேட்டாள். மீசைக்கு மை அடித்துக்கொண்டு போய்ப் புதிதாகவே ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

செங்கல்பட்டு முகாமில் நல்ல கூட்டம். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், துணைக்கு வந்தவனுக்குரிய மிடுக்கோடு நின்றேன்.

"காசிநாதன்!" என்று கூப்பிட்டார்கள்.

"நான் சும்மா துணைக்கு வந்தவங்க. கொறை இவங்களுக்கு," என்று வேண்டாவைக் கை காட்டினேன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. இவருக்குத்தான் கால்," என்றாள் வேண்டா, அதைவிட மெல்லிய குரலில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"வலி இருக்கா?"

"இல்லீங்க."

"கீதும்மா," என்றாள் வேண்டா. "காலைல செவுத்தப் புடிச்சிகினு ‘ஐயோ அம்மா’ன்றாரு. கக்கூஸ்ல குந்தினா எழுந்திருக்க முடியலன்னு சாமியத் திட்டறாரு. பிரேக்குல கால் வெச்சா தெரியலியாம். இனிமே வண்டியே எடுக்கமாட்டாராம்." அங்கே அவள் குரல் உடைந்தது. "ஊருக்கெல்லாம் சொன்னாரும்மா. எங்கிட்டதான் சொல்லல."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். தெருவில் நான் கத்திய கத்தல் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். டாக்டரம்மா ஊசி முனையால் என் பாதத்தைத் தொட்டார். எங்கே தொடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும்போது, அத்தனை பேர் எதிரில், மை அடித்த மீசையோடு அழுதுவிட்டேன். வேண்டா முந்தானையை நீட்டினாள். துடைத்துக்கொண்டேன்.

மாற்றுத்திறனாளி அட்டை வரும், அதை வைத்து உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் தண்டிப்பது என்று தீர்மானித்தேன். அவள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காலில் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சுச் சத்தம்கூட வெளியே வரவில்லை.

"காலை நீட்டிக்கோயா, இங்க எடம் கீது," என்றாள் வேண்டா, கண்ணைத் திறக்காமல்.

நீட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?