எண்பது எழுத்துக்குள் ஒரு கேள்வி

உலகத்தில் எத்தனையோ தவங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது, அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலைப் படித்துக் குறை சொல்வது. அதில் ஆசானை மிஞ்ச அந்த அலுவலகத்தில் ஆளில்லை. 'ஆசான்' மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்தது என்று அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது டிக்கெட் முன்பதிவு நிறுவனம். டேட்டாபேஸ் அடிக்கடி தேடும் விவரங்களை மெமரியில் எடுத்துவைக்கும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். அதன் அளவை, மெஷினின் மெமரியில் முக்கால்வாசி வரை, டேட்டாபேஸே மாற்றிக்கொள்ளும்படி, புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நிரல் எழுதி ஆசானுக்கு அனுப்பினாள். தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ஆசான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'ஆய்வில்' இறங்கினார். நிரலில் ஒரு மாறிக்கு, அதாவது வேரியபிளுக்கு, வைத்த பெயரில் கம்பீரம் போதவில்லை. ஓரிடத்தில் காலி வரி இல்லை, இன்னோரிடத்தில் இருந்தது. இரண்டையும் வன்மையாகக் கண்டித்தார். எந்த வரியும் எண்பது எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது வேறு அவர் சட்டம். அவள் திருத்தித் திருத்தி ஓய்ந்தே போனாள்.

"சார், மெமரிக் கணக்கைப் பாத்தீங்களா?"

"அமைப்பு சரியா இருந்தா கணக்கு தானா சரியாயிடும்மா."

எந்த அமைப்பு என்று அவருக்கே தெரியாது. ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை முன்பதிவு படுத்துவிட்டது. ஒரே மெஷினில் இரண்டு டேட்டாபேஸ், இரண்டிலும் அவள் நிரல். ஆளுக்கு முக்கால்வாசி மெமரியை அள்ளிக்கொண்டால் மெஷின்தான் என்ன செய்யும், பாவம்!

விசாரணைக் கூட்டத்தில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆசான் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. சந்தேகம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே சார்."

மேனேஜர் திரையில் காட்டினார். நிரலுக்கு நடுவே அவளுடைய குறிப்பு: 'இதே மெஷினில் இன்னொரு டேட்டாபேஸும் ஓடுகிறது, இரண்டுமே முக்கால்வாசி எடுத்தால் மெமரி போதுமா?' அதன் கீழே ஆசானின் திருவாக்கு: 'வரி எண்பது எழுத்தைத் தாண்டுகிறது. உடைக்கவும்.'

"உடைச்சேன் சார்," என்றாள் அவள். "உடனே 'பிரமாதம்'னு அப்ரூவ் பண்ணிட்டீங்க."

ஆசானுக்குக் காது வரை சுட்டது. என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இப்ப என்ன பண்ணலாம், ஆசான்?" என்றார் மேனேஜர்.

"அந்தப் பொண்ணை நிரந்தரமாக்குங்க சார். இந்தக் கோட்ல இருந்த தப்பைக் கண்டுபிடிச்சது அவ ஒருத்திதான். நான் கண்டுபிடிச்சது காலி வரி."