ரெண்டு முழம் கம்மி

"வந்துரும், வந்துரும்" என்று மாஸ்டர் வயரைப் பிடித்து இழுத்தார். வயர் வருவதாக இல்லை. ஒரு முனை கேரவனில் மாட்டியிருந்தது. மறுமுனையின் பிளக், கரண்ட் பெட்டிக்கு ரெண்டு முழம் இப்பாலேயே நின்றுவிட்டது.

"இழுத்தா நீளுறதுக்கு அது என்ன எலாஸ்டிக்கா?" என்று வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி கேட்டாள்.

மாஸ்டருக்கு மானம் போயிற்று. நாற்பது வருடத் தையல்காரர். ஒரு காலர் பிசகியதில்லை. போன வாரமே பஸ் பிடித்து இந்த ஏரிக்கரை முகாமுக்கு வந்து, புல்லுக்குள் நின்ற கரண்ட் பெட்டியிலிருந்து வண்டி நிற்கப்போகும் இடம் வரை இஞ்ச் டேப்பை ஏழு தடவை போட்டு அளந்து, தையலுக்கு விடுவதுபோல இரண்டு அங்குலம் சேர்த்து வாங்கிய வயர்!

"எதுக்கும் இருபத்தஞ்சு மீட்டரா வாங்கிக்குங்க" என்று கடைக்காரர் அப்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

"சட்டை தைக்க வந்தவனுக்குப் போர்வைத் துணி விப்பீங்களா?" என்று மாஸ்டர் மடக்கிவிட்டார்.

அவர் அளந்தது சரிதான். ஆனால் மனைவியின் ஜன்னல் ஏரியைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தியதில், வயர் மாட்டும் இடம் வண்டியின் அந்தப் பக்கம் போய்விட்டது. மனிதர் இதை யோசிக்கவில்லை.

ஜன்னலை விட்டுக்கொடுக்கவும் முடியாது. முப்பது வருடம் அவர் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காஜா எடுத்தவள் அவள். போன மாதம் கடையை மூடியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இனிமே கண்ணு முழிச்சா எனக்குத் தண்ணி தெரியணும்." அதற்காகத்தான் இந்தப் பழைய கேரவனே. மாஸ்டருக்கென்று எந்த ஆசையும் இல்லை. கடையை மூடியதிலிருந்து வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் சட்டைத் தோளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

கரண்ட் இல்லாவிட்டால் ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, டீ இல்லை. மாஸ்டர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வயர் எட்டியது. ஜன்னலுக்கு நேரே முகாமின் கழிப்பறைச் சுவர் வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பரவால்லங்க. நம்ம கடைச் சுவத்தைவிட வெள்ளையாத்தான் இருக்கு."

திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். வண்டியைப் பழையபடி திருப்பிவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வயர் கடைக்குக் கிளம்பினார்.

கடையில் ரெண்டு ரகம் இருந்தது. ஒன்று விறைப்பான மலிவு வயர். மற்றது ரப்பர் உறை போட்டது, கனமானது, வளைத்த பக்கம் வளைவது. மாஸ்டர் கண்ணை மூடி இரண்டையும் துணி பார்ப்பதுபோல விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுதான். நல்லா விழுது. எவ்வளவு நீளம்?"

"நாப்பது மீட்டர். வெட்டித் தரமாட்டேன். ரெண்டு முனையிலயும் பிளக் கம்பெனியிலேயே மாட்டி வந்தது."

சாயங்காலம் நாற்பது மீட்டரையும் தோளில் சுமந்து, சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வந்தார். வேண்டிய அளவை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை முழங்கையில் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுக்கிக் கட்டி வண்டியின் பக்கப் பெட்டிக்குள் திணித்தார். ஃபேன் சுற்றியது. கெட்டில் கொதித்தது. மனைவி ஏரியைப் பார்த்தபடி டீ குடித்தாள். இரண்டாவது டீக்கு ரப்பர் வாடை அடித்தது.

புல் வெட்டிக்கொண்டிருந்த முகாம் காவலாளி வாடை பிடித்து ஓடிவந்து பக்கப் பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார். "ஐயையோ, கொதிக்குதே! மாஸ்டர், சுருட்டி வெச்ச வயர்ல இவ்வளவு கரண்ட் போனா சூடாகத்தான் செய்யும். முழுசா பிரிச்சு விடணும்."

ராத்திரிக்குப் பிளக்கைப் பிடுங்கி வைத்து, மறுநாள் காலையில் பிரித்துவிட்டார். பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்கு நாற்பது மீட்டர் வயர். தாறுமாறாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. புல்வெளி முழுக்க ஒரே சீராக, இரண்டடிக்கு ஒரு மடிப்பு வைத்து அளந்து அளந்து போட்டார். அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வண்டிக்காரர் முதல் மடிப்பில் தடுக்கி, மூன்றாவது மடிப்பில் விழுந்தார்.

"ஏன் சார், இது வயரா, வலையா? முதல்ல எடுத்து வைங்க!"

எடுத்தார். இந்த முறை சூடேறாதபடி தளர்வாக, பெரிய பெரிய வளையமாகச் சுற்றினார். பக்கப் பெட்டி மூடவில்லை. மடக்கு நாற்காலிகளை வெளியே எடுத்தார். மூடவில்லை. செருப்புகள், பக்கெட், கடைசியில் மனைவியின் சூட்கேஸ் எல்லாம் வெளியே வந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"சூட்கேஸ எங்க வைக்கிறது?"

"உன் கட்டில்ல."

"அப்போ நான்?"

மாஸ்டர் ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். சூட்கேஸை நிமிர்த்தி வைத்தால் ஏரி பாதி மறையும். அது ஆகாது.

"இன்னொரு தடவ அளந்து பாருங்களேன்" என்றாள் மனைவி, சாவகாசமாக.

அவருக்கு உற்சாகம் பீறிட்டது. பிளக்கை இரண்டு பக்கமும் பிடுங்கினார். வண்டியிலிருந்து கரண்ட் பெட்டி வரை அளந்து, இரண்டு அங்குலம் கூட்டி, வயரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வாயைத் திறந்த கத்தரியைக் கோட்டின்மேல் வைத்தார்.

"மாஸ்டர்! வெட்டாதீங்க!" காவலாளி புல்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நேரே கரண்ட் பெட்டிக்குப் போய், அடியில் மண்டியிருந்த புல்லைக் காலால் விலக்கினார்.

நான்கு சக்கரங்கள் தெரிந்தன.

காவலாளி ஒரு கையால் தள்ளினார். பின்னாலிருந்த தன் வயரை இழுத்துக்கொண்டு பெட்டி குடுகுடுவென்று உருண்டு வந்து கேரவன் பக்கத்தில் நின்றது. மாஸ்டர் வாங்கிய முதல் வயரே தாராளமாக எட்டும்.

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து நீங்க கடைக்குப் போனதுமே தள்ளி வைக்க வந்தேன் மாஸ்டர்" என்றார் காவலாளி, ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி. "அம்மாதான், 'இருக்கட்டும்பா, கடைய மூடின பிறகு இப்பதான் மனுஷன் கழுத்துல டேப் ஏறியிருக்கு, ரெண்டு நாள் அளந்துக்கட்டும்'னாங்க."